மறு கன்னமும் கணக்குப் புத்தகமும்

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்வதற்காக அதைச் சுருக்கமாக மறுபடி சொல்லிவிடுகிறேன். உங்களோடு பல ஆண்டுகள் கூட்டாகத் தொழில் செய்தவர் கணக்கில் கைவைத்து உங்களை ஏமாற்றியிருக்கிறார்; விஷயம் வெளியே வந்ததும், ஏமாற்றியவர் நீங்கள்தான் என்று, இருவரும் போகிற அதே சபையில் பேச்சைக் கிளப்பிவிட்டிருக்கிறார். மூப்பர்களிடம் முறையிட்டால் "மறு கன்னத்தைக் காட்டுங்கள், விட்டுக்கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பழிக்குப் பழி நினைப்பது பாவமா, வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கிருபையா, வழக்குப் போடலாமா, மன்னிப்பே கேட்காதவரை மன்னிப்பது எப்படி, இந்தக் கசப்போடு திருவிருந்தில் பங்கெடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். நான் போதகர் அல்லன். வேதபாட வகுப்பு நடத்துகிறவன். பங்காளிச் சண்டைகளில் நடுவராக உட்கார்ந்து, இரு தரப்பிடமும் திட்டு வாங்கிய அனுபவமும் உண்டு.

பழிவாங்குவதைக் கிறிஸ்தவம் விலக்குகிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் எந்தக் காரணம் சொல்லி விலக்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல், உபாகமத்திலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டுகிறார்: "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்." நடந்த தீமைக்குப் பதிலே இல்லை என்று இந்த வரி சொல்லவில்லை. பதில் உண்டு, ஆனால் அதை வசூலிக்கும் அதிகாரம் உன் கையில் இல்லை என்றுதான் சொல்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பு அரசுக்கு இருப்பதாகவும் அவர் எழுதுகிறார். இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிக்கிறவருக்கு, பவுல் அநியாயத்தைக் கண்டும் காணாததுபோல் விடச் சொல்கிறார் என்று தோன்ற வழியில்லை.

பழிவாங்கும் வேகம் எப்படிப் பெருகும் என்பதை வேதாகமம் தன் தொடக்கப் பக்கங்களிலேயே காட்டிவிடுகிறது. ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தில் லாமேக்கு என்பவன், தன்னைக் காயப்படுத்திய ஒருவனைக் கொன்றுவிட்டு, காயீனுக்காக ஏழு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு என்று மனைவிகளிடம் பெருமை பேசுகிறான். அப்படிப்பட்ட உலகத்தில் "கண்ணுக்குக் கண்" என்ற மோசேயின் சட்டம் ஓர் அணை: ஒரு கண்ணுக்கு ஒரு கண்தான், அதற்கு மேல் ஊரையே கொளுத்தக் கூடாது. தன் சகோதரனை ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டபோது இயேசு சொன்ன ஏழெழுபது என்ற எண், கிரேக்கத்தில் லாமேக்கின் எழுபத்தேழைக் குறிக்கும் அதே சொல்தான். அவன் பழிக்குச் சொன்ன அளவை இவர் மன்னிப்புக்கு மாற்றுகிறார்.

இனி மறு கன்னம். இந்த வசனத்தைச் சொல்லி உங்கள் வாயை அடைத்திருப்பதால் சற்று நின்று பார்ப்போம். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு "வலது கன்னத்தில்" என்று குறிப்பாகச் சொல்கிறார். ஒருவருக்கு எதிரே நின்றுகொண்டு உங்கள் வலது கையை ஓங்கிப் பாருங்கள். உள்ளங்கை போய் விழுவது அவருடைய இடது கன்னத்தில். அவருடைய வலது கன்னத்தில் அந்தக் கை பட வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். புறங்கை அடி எலும்பை உடைப்பதற்காக அடிப்பது அன்று, மானத்தை வாங்குவதற்காக அடிப்பது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, ஒருவனை அறைந்தவன் 200 சூஸ் (அக்கால வெள்ளிக்காசு) கொடுக்க வேண்டும் என்றும், புறங்கையால் அறைந்தால் 400 சூஸ் என்றும் அபராதம் விதிக்கிறது. வலி குறைந்த அடிக்கு இருமடங்கு அபராதம் என்றால், அந்தச் சமூகம் அவமானத்தை எப்படி எடைபோட்டது என்பது விளங்கும். ஆகவே இந்த வசனத்தின் மையம் அவமதிப்பு. ஒருவன் உன்னைச் சிறுமைப்படுத்தும்போது, அவனைச் சிறுமைப்படுத்தித்தான் உன் மானத்தை மீட்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து நீ விடுபட்டிருக்கிறாய் என்பதே அதன் பொருள். மறு கன்னத்தைக் காட்டுவது அடித்தவனை வெட்கப்படுத்தும் சாமர்த்தியமான போராட்ட முறை என்று இக்காலத்தில் சிலர் விளக்குகிறார்கள். அதை நான் முழுதாக ஏற்பதில்லை, ஏனென்றால் அடுத்த சில வசனங்களிலேயே இயேசு சத்துருவைச் சிநேகிக்கச் சொல்கிறார், சிநேகம் தந்திரத்துக்குள் அடங்குவதில்லை.

இதைச் சொன்னவரையே ஒருவன் அறைந்த சம்பவம் யோவான் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அன்னா என்ற ஆசாரியரின் முன்னிலையில் விசாரணை நடக்கும்போது பக்கத்தில் நின்ற சேவகன் ஒருவன் இயேசுவை அறைகிறான். இயேசு அவனைத் திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவுமில்லை. ஆனால் மௌனமாகவும் இருக்கவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் அதை எடுத்துக் காட்டு, தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். மறு கன்னத்தைப் பற்றிப் போதித்தவர் அந்தப் போதனைக்கு எழுதிய உரை இது. "பேசாமல் இரு" என்று உங்களுக்கு ஆலோசனை சொன்னவர்களிடம் இந்தப் பகுதியை மெதுவாக எடுத்துக்காட்டலாம்.

பவுலும் அப்படித்தான் நடந்துகொண்டார். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அவரையும் சீலாவையும் எல்லாருக்கும் முன்பாக அடித்துச் சிறையில் போட்டார்கள். அன்று நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்துகொண்டன. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணிய சிறைக்காவலன் பட்டயத்தை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போனான். பவுலின் கால்களைத் தொழுமரத்தில் மாட்டிவைத்தவன் அவன்தான். பவுல் பேசாமல் இருந்திருந்தாலே போதும், பழி தானாகத் தீர்ந்திருக்கும். அவரோ, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம், உனக்கு ஒரு கெடுதியும் செய்துகொள்ளாதே என்று சத்தமிட்டுத் தடுத்தார். விடிந்ததும் அதிகாரிகள் ஆளனுப்பி, அந்த மனுஷரை ஓசையில்லாமல் அனுப்பிவிடு என்றார்கள். இந்த இடத்தில் பவுல் அசையவில்லை: ரோமக் குடிமக்களான எங்களைப் பகிரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார். அவர்களும் வந்து கெஞ்சினார்கள். இரவில் காவலனின் உயிரைக் காத்த அதே மனிதர், காலையில் அதிகாரிகளின் தவற்றைத் தெருவுக்குக் கொண்டுவருகிறார். இரண்டும் ஒரே உள்ளத்திலிருந்து வந்தவை என்று புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். அவர் அதிகாரிகளுக்குத் தண்டனை கேட்கவில்லை. நடந்தது அநியாயம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும் என்றார். அந்த ஊரில் அவர் விட்டுப்போகும் புதிய விசுவாசிகளின் பாதுகாப்புக்கும் அது தேவைப்பட்டிருக்கும்.

அப்படியானால் மன்னிப்பது என்பது என்ன? தமிழ் பேசும் நமக்கு ஜெபத்திலேயே இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. மத்தேயு நற்செய்தியின் பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தருடைய ஜெபம், கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை மன்னியும் என்று வருகிறது. கத்தோலிக்கர் சொல்லும் ஜெபத்தில், தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் குற்றங்களைப் பொறுத்தருளும் என்று வருகிறது. பொறுத்தல் என்றால் சுமத்தல். கடனைத் தள்ளுதல் என்றால் கணக்கை முடித்தல். இரண்டிலும் உண்மை இருக்கிறது, எனினும் உங்கள் நிலைமைக்குக் கடன் என்ற சொல்லே கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம். கடனைத் தள்ளுபடி செய்கிறவர் முதலில் அது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். "பரவாயில்லை, ஒன்றுமே நடக்கவில்லை" என்று சொல்பவர் எதையும் தள்ளுபடி செய்யவில்லை. அவர் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

மத்தேயு 18ஆம் அதிகாரத்து உவமையும் தொகைகளைச் சொல்லித்தான் பேசுகிறது. ஒரு ஊழியக்காரன் ராஜாவிடம் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக மொத்தம் 6 கோடி நாட்களின் கூலி. அது அவனுக்குத் தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். பிரசங்கங்களில் இந்த நூறை அற்பத் தொகை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நூறு நாள் கூலி ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சாப்பாடு. இயேசு அதை ஒரு காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உங்களுக்கு நேர்ந்தது பெரிய நஷ்டம்தான். உவமை அதை மறுக்கவில்லை. அதைவிட ஆறு லட்சம் மடங்கு பெரிதான ஒன்று உங்களுக்குத் தள்ளுபடியாகியிருக்கிறது என்று பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது, அவ்வளவே. கிருபை என்ற சொல்லுக்குக் கிறிஸ்தவத்தில் இருக்கும் எடை இங்கேதான்: பெற்றவன் என்பதால் கொடுக்கிறான். பெருந்தன்மையான குணம் படைத்தவன் என்பதால் அன்று.

வழக்கு விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு எதிராகக் காட்டப்படக்கூடிய பகுதி கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரம். சகோதரனோடு சகோதரன் அவிசுவாசிகள் முன்பாக வழக்காடுகிறதைப் பவுல் அங்கே கடிந்துகொள்கிறார். நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை என்றும் கேட்கிறார். இந்த வார்த்தையின் கூர்மையை நான் மழுக்க விரும்பவில்லை. சில நேரங்களில் ஒரு கிறிஸ்தவன் நஷ்டத்தோடு எழுந்து போகத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அதற்குச் சற்று முன்பே அவர் சபையைப் பார்த்து, சகோதரருக்குள்ளே வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவன்கூட உங்களுக்குள் இல்லையா என்று வெட்கப்படுத்துகிறார். நஷ்டத்தைப் பற்றிய கேள்விக்கு அடுத்த வசனத்தில், நீங்களே அநியாயஞ்செய்து நஷ்டப்படுத்துகிறீர்கள், சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள் என்று ஏமாற்றியவர்களைப் பிடிக்கிறார். அந்த அதிகாரத்தை ஏமாந்தவரிடம் மட்டும் வாசித்துக் காட்டுவது நேர்மையன்று. உங்கள் மூப்பர்கள் கணக்குப் புத்தகங்களை வரவழைத்து, கணக்குத் தெரிந்த இருவரை உட்காரவைத்து விசாரிக்கத் தயாராக இருந்தால் முதலில் அங்கே போங்கள். அதைச் செய்ய மறுத்துவிட்டு நீதிமன்றத்துக்கும் போகாதே என்று அவர்கள் சொன்னால், பவுல் கேட்ட அந்த விவேகி உங்கள் சபையில் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

மன்னித்தவர்கள் சட்டத்தைப் பார்த்த விதமும் ஒரேமாதிரி இருந்ததில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று மத்தியப் பிரதேசத்தில், உதய்நகரிலிருந்து இந்தூருக்குப் போகும் பேருந்தில் வைத்துச் சகோதரி ராணி மரியாவைக் குத்திக் கொன்றார்கள். கேரளத்தில் புல்லுவழியைச் சேர்ந்த இந்தக் கன்னியர், கந்துவட்டியில் சிக்கியிருந்த பழங்குடி மக்களுக்குத் துணைநின்றவர். அது பிடிக்காதவர்கள் ஏவிவிட்டு, சமுந்தர் சிங் என்பவர் கொன்றார். அவருக்கு ஆயுள் தண்டனை. 2002இல் ரக்ஷா பந்தன் சமயத்தில் ராணி மரியாவின் தங்கையும் கன்னியருமான செல்மி பால் சிறைக்குப் போய், அக்காவைக் கத்தியால் குத்திய அந்தக் கையின் மணிக்கட்டில் ராக்கிக் கயிறு கட்டினார். அந்தப் பக்கத்து வழக்கத்தில் ராக்கி கட்டினால் அவன் அண்ணன். பிறகு குடும்பத்தாரே அவருடைய விடுதலைக்கு ஆதரவு தெரிவித்தார்கள். 2006இல் வெளியே வந்தார்.

ஒடிசாவில் நடந்தது வேறு மாதிரி. 1999 ஜனவரியில் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் 10, 6 வயதான இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களைத் தான் மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, பாரிபதாவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார். ஆனால் மன்னிப்பதையும் குற்றத்துக்குச் சட்டப்படி வரும் விளைவையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்த இரண்டு குடும்பங்களில் எது அதிகக் கிறிஸ்தவத்தன்மை கொண்டது என்று தராசு பிடிக்க எனக்கு மனமில்லை. இரண்டு இடத்திலும் பழிவாங்கும் வேலையை அவர்கள் கையில் எடுக்கவில்லை.

நல்லது செய்தால் எதிரி திருந்திவிடுவான் என்று யாராவது உங்களுக்கு உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். 1569இல் நெதர்லாந்தின் ஆஸ்பெரன் என்ற ஊரில், மறுஞானஸ்நானம் பெற்ற குற்றத்துக்காகச் சிறையிலிருந்த டிர்க் வில்லெம்ஸ் என்பவர் துணிகளை முடிச்சுப்போட்டுக் கயிறாக்கி இறங்கித் தப்பினார். மெல்லிய பனிக்கட்டி மூடிய நீர்நிலையைக் கடந்து அவர் கரையேறிவிட்டார்; துரத்திவந்த காவலன் பாரத்தில் பனி உடைந்து தண்ணீருக்குள் விழுந்தான். டிர்க் திரும்பிப் போய்க் கைகொடுத்து அவனை இழுத்துப் போட்டார். காவலனுக்கு அவரை விட்டுவிட மனம் இருந்தது, ஆனால் கரையில் நின்ற நகர அதிகாரி பிடிக்கச் சொல்லிக் கத்தினார். அவரைப் பிடித்து, மே 16ஆம் தேதி உயிரோடு எரித்தார்கள். அவர் செய்ததற்கு அந்த அதிகாரி மனம் மாறவில்லை.

சத்துருவுக்குப் போஜனங்கொடு, அப்படிச் செய்வதினால் அக்கினித்தழலை அவன் தலைமேல் குவிப்பாய் என்று நீதிமொழிகளிலிருந்து பவுல் எடுத்தாளும் வரி பலரைக் குழப்புகிறது. பழங்காலத் திருச்சபைப் போதகர்களில், அந்தத் தழல் வரப்போகும் தண்டனை என்று கிறிசோஸ்தம் கொண்டார். மனம் வெந்து வருந்தும் வெட்கம் என்று அகுஸ்தீன் கொண்டார். நமக்கு இரண்டாவது உடனே விளங்கும், "அவர்நாண நன்னயம் செய்து விடல்" என்று பள்ளியில் படித்தவர்கள் அல்லவா. அங்கே 'விடல்' என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் உரை எனக்கு மிகவும் பிடிக்கும்: அவர் செய்த தீமையையும் தாம் செய்த நன்மையையும் சேர்த்தே மறந்துவிட வேண்டும். செய்த நன்மையை மனத்தில் வைத்துக்கொண்டு எதிராளி நாணுகிறானா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால், அது பழிவாங்கலின் நாகரிகமான வடிவம்தான்.

உள்ளே கொதிக்கும் கோபத்தை எங்கே வைப்பது? அதற்குச் சங்கீதங்கள் இருக்கின்றன. 109ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். பொய்நாவினால் தன்னைப் பேசினவனைப் பற்றி ஒருவர் தேவனிடம் சொல்லும் வார்த்தைகள் காது கூசும்படி இருக்கும். ஆராதனையில் இவற்றை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம், அது நஷ்டம் என்பேன். அதில் பேசுகிறவர் எதிரியிடம் போகவில்லை, எதிரியைப் பற்றித் தேவனிடம் போகிறார். பழி அவர் கையைவிட்டுப் போகும் வழி அது. உங்கள் நிலை எது என்று சோதித்துக்கொள்ள ஒரு கேள்வி போதும்: நாளைக்கு அவருடைய வீட்டில் ஒரு சாவோ நோவோ நேர்ந்தது என்று கேள்விப்பட்டால் உள்ளுக்குள் இனிக்குமா? இனிக்கும் என்றால் வழக்கைச் சிறிது தள்ளிப்போடுங்கள். இனிக்காது, ஆனால் உண்மை வெளிவர வேண்டும் என்றால், வழக்கைப் போடுங்கள்.

மன்னித்த பிறகு பழையபடி கூட்டுத்தொழில் செய்ய வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூப்பர்கள் அடுத்து அதைத்தான் சொல்வார்கள். என்கேதி வனாந்தரத்தின் குகையில், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தன் கைக்குள் வந்து விழுந்தபோது தாவீது அவருடைய சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு உயிரோடு விட்டார். சவுல் உரத்த சத்தமாய் அழுதார், நீ என்னிலும் நீதிமான் என்றார். அந்த அதிகாரம் முடியும் விதத்தைப் பாருங்கள்: சவுல் தன் வீட்டுக்குப் போனார், தாவீதும் அவருடைய மனுஷரும் அரணான இடத்துக்கு ஏறிப்போனார்கள். தாவீது அரண்மனைக்குத் திரும்பவில்லை. மன்னிப்பை ஒருவர் தனியாகவே கொடுத்துவிடலாம். நம்பிக்கையை மற்றவர் சம்பாதிக்க வேண்டும்.

அவர் மன்னிப்பே கேட்கவில்லையே என்பதற்கு இரண்டு வசனங்கள் இருக்கின்றன. லூக்கா 17இல், அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னி என்று நிபந்தனை வருகிறது. மாற்கு 11இல், ஜெபம்பண்ண நிற்கும்போது யார்பேரிலாவது குறை உண்டானால் மன்னியுங்கள் என்று நிபந்தனையில்லாமல் வருகிறது. முதலாவது உறவைச் சரிசெய்வதைப் பற்றியது, இரண்டாவது தேவனுக்கு முன்பாக உங்கள் கையைத் திறப்பதைப் பற்றியது என்று நான் வாசிக்கிறேன். இரண்டாவதை இன்றே செய்யலாம். முதலாவதற்கு அவர் வர வேண்டும்.

கடைசியாகத் திருவிருந்து. நீ பலிபீடத்தினிடத்தில் காணிக்கையைக் கொண்டுவரும்போது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரத்து வசனத்தைச் சொல்லி உங்களைத் தயங்கவைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. வசனத்தை முழுதாக வாசியுங்கள். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்றுதான் இருக்கிறது. குறை சகோதரனுக்கு, காரணம் காணிக்கை கொண்டுவந்தவன். பலிபீடத்திலிருந்து எழுந்து போகச் சொல்லப்படுகிறவன் தவறு செய்தவன். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பந்திக்குப் போகலாம். அந்த வசனத்தை யாரிடம் வாசித்துக் காட்டுவது என்பதை மட்டும் மூப்பர்களிடம் மறுபடி கேளுங்கள்.